கவர் கட்டிய கை

விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து மருதாணி வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை நான்தான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். கடைக் கோன் வேண்டாம், இலைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் நானே. எலுமிச்சை, நீலகிரித் தைலம், பழைய துணி எல்லாம் சேர்த்தாயிற்று. இலைக்குத்தான் வழியில்லை.

தெருக்கோடி வீட்டுப் பேச்சியக்கா ஆழ்வார்குறிச்சிக்குப் போய், தம்பி தோட்டத்தில் ஒரு பை நிறைய உருவிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். "நானே அரைச்சுத் தாரேன்" என்று அம்மி முன்னால் உட்கார்ந்தார். அவர் கணவர் இறந்து இரண்டு வருடம். நான் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டி, "இதக் கையில கட்டிக்கோங்கக்கா, செவந்திரப் போவுது. யாராவது எதாவது சொல்லிருவாவ" என்றேன். அக்கறையாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். அவர் கவரை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் இரண்டு கையிலும் மருதாணியோடு புறவாசலுக்குப் போனேன். பேச்சியக்கா துவைக்கிற கல்லில் ஆட்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிழிந்த கவர் கிடந்தது.

"தேச்சுப் பாத்துட்டேன், போவ மாட்டேங்கு" என்றார், தப்பு செய்தவர் போல.

அக்கா கை சிவப்பதைப் பற்றித் தெருவில் வேறு ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. 'யாராவது' என்று நான் சொன்னது என்னைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

"விடுங்கக்கா" என்று கையைப் பிடிக்கப் போனேன். "ஏட்டி, ஒன் மருதாணி கலைஞ்சிரும்" என்று விலகிக்கொண்டார்.

கல்யாணத்தில் என் கை நன்றாகச் சிவந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கவரை நீட்டியதும் அதே கைதான்.