ஹீட்டரில் ஒரே ஒரு அசல் சாமான்

திருநெல்வேலிக்காரர் ஒருவர், ஹீட்டர் இருக்கிறது என்ற காரணத்துக்காக ஒரு வண்டி வாங்கினார் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். அந்த மனிதரைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதால் வேறு வழியில்லை, நம்பவேண்டியதாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பாபநாசத்துக்குப் போய் ஒரு பழைய ஜீப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். மலைமேல் ஏதோ தேயிலைத் தோட்டத்தில் ஓடிய வண்டி. எங்கள் பாளையங்கோட்டை வீட்டு வாசலில் அதை நிறுத்தி, என்னை முன்சீட்டில் உட்காரவைத்து, என் முழங்காலுக்கு நேரே தொங்கிய ஒரு தகரப் பெட்டியைக் காட்டினார்.

"ஏளா, இது என்னன்னு சொல்லு பாப்போம்."

"ரேடியோவா?"

"ஹீட்டரு!"

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம். சீட்டில் உட்கார்ந்த இடமே சுட்டது. "இந்த ஊருக்கு இன்னொரு அடுப்பு எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"ஊருக்கு இல்ல. ஒனக்கு. கொடைக்கானல் போறதுக்கு."

கை நீட்டி அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். காரணம் உண்டு. எனக்குக் குளிர் ஆகாது, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். கல்யாணமான புதிதில் இருவரும் கொடைக்கானலுக்குக் கிளம்பினோம். பாதி மலையிலேயே எனக்கு நெஞ்சு விசிலடிக்கத் தொடங்க, அவர் டாக்சியைத் திருப்பச் சொல்லிவிட்டார். அதன்பிறகு அந்த ஊரின் பெயரைக்கூட அவர் எடுக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிச் சரிக்கட்டியிருப்பேன். ஒன்றுமே சொல்லாமல் இருந்ததுதான் இத்தனை காலமும் என்னை அரித்தது. எனக்கு அந்த ஏரியின்மேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. இந்த மனிதர் ஒரு தடவையாவது என்னோடு அங்கே போய் நிற்கவேண்டும் என்பதுதான் ஆசை. டாக்டரும், உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டு, ஸ்ப்ரேயைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தாராளமாகப் போகலாம் என்று சொல்லியிருந்தார். ஆக, நானும் அவரும் மலையேறுவது அந்தத் தகரப் பெட்டியின் கையில் இருந்தது.

பெட்டியைப் பார்க்க மேலப்பாளையத்திலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். எந்த எஞ்சினையும் பேசவைத்துவிடுவார் என்று ஊரில் பெயர். அவர் ஹீட்டரைக் கீழிருந்தும் மேலிருந்தும் பார்த்தார். கடைசியில் தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, நான் ஸ்பேனரைப் புடிச்ச நாள்லேருந்து வண்டியைக் குளுமையாக்குங்கன்னுதான் ஆளு வந்திருக்கு. சூடாக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான்."

எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரின் விசையைத் தட்டினார்கள். உள்ளே ஏதோ சுற்றியது. சூடு வருகிறதா என்பதுதான் கேள்வி. பாய் கையைப் பெட்டிக்கு முன்னால் நீட்டினார், பிறகு வண்டிக்கு வெளியே நீட்டினார். "வெளிய உள்ளதுதான் கூட சூடாத் தெரியுது" என்றார். என் வீட்டுக்காரரும் நீட்டிப் பார்த்து ஆமாம் என்றார். நடுப்பகலில் பாளையங்கோட்டையில் நின்றுகொண்டு ஹீட்டர் வேலை செய்கிறதா என்று எந்தக் கையால் கண்டுபிடிப்பது!

"அப்போ கொடைக்கானலை இங்கன கொண்டுவர வேண்டியதுதான்வே" என்றார் இவர்.

மறுநாள் கொண்டுவந்துவிட்டார். பாய்க்குத் தெரிந்த ஒருவர் மீன் கடை வைத்திருந்தார். புன்னக்காயலிலிருந்து மீன் வந்த பெட்டிகளின் ஐஸ் அத்தனையையும் அவரிடமிருந்து வாங்கி, ஜீப்புக்குள் கொட்டி, கித்தான் கூரையை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். எங்கள் சைவத் தெருவில் அப்படியொரு வாசனை அதற்குமுன் வந்ததில்லை. எதிர்வீட்டில் ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"ஏறி உக்காருளா. குளிருதது ஒனக்குத்தானே? நீதான் சொல்லணும்."

ஸ்வெட்டர், காலுறை, குரங்குக் குல்லா எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஐஸுக்கு நடுவில் உட்கார்ந்தேன். ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து மரியாதையாக ஓய்வு பெற்றவள் நான். அது தசரா சமயம் வேறு. குலசேகரன்பட்டினத்துக்கு மாலை போட்டவர்கள் காளி, கரடி, போலீஸ்காரர் என்று வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அடுத்த தெரு அம்மா ஒருத்தி கித்தானை விலக்கி எட்டிப்பார்த்தாள். குல்லாவுக்குள் இருந்த என்னைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, என் மடியில் ஒரு நாணயத்தை வைத்தாள்.

"தாயே, எம் மகனுக்கு ஒரு வேலை கெடைக்கணும்."

நான் யாரென்று சொன்னால் மானம் போகும். "கிடைக்கும், போ" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பையனுக்கு வேலை கிடைத்ததா என்று விசாரிக்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

அவள் போனதும் ஹீட்டரைப் போட்டார்கள். சூடு வரவில்லை. என் முந்தானைதான் மெல்லக் கிளம்பிப் பெட்டியை நோக்கிப் போனது. பிடித்து இழுத்தேன், மறுபடியும் போனது.

"அக்கா, இது ஊதல. உறிஞ்சுது!" என்று பாய் கத்தினார்.

அன்று சாயங்காலமே பெட்டியைக் கழற்றி முற்றத்தில் சாக்கு விரித்துப் பரப்பிவிட்டார்கள். பரப்பிய பிறகுதான் அதன் லட்சணம் தெரிந்தது. பெட்டி பச்சை, அதற்குள் இருந்த சுருள்குழாய்க் கூடு சாம்பல் நிறம், காற்றாடி நீலம். காற்றாடி ஏதோ லாரியிலிருந்து வந்தது, ஒயரை மாற்றிக் கொடுத்ததால் தலைகீழாகச் சுற்றியது. சுருள்குழாய்க் கூடு இதைவிடச் சின்ன வண்டியுடையது, சுற்றிலும் இரண்டு விரல் நுழையும் சந்து. வெந்நீர் வரும் ரப்பர் குழாய் வயலில் பம்ப்செட்டுக்குப் போடுவது. பெட்டியின் வாயை மூடும் தகடு எண்ணெய்க் கறுப்பில் என்ன உலோகமென்றே தெரியவில்லை. வெந்நீரைத் திறந்து மூடும் திருகை நான் பார்த்த உடனேயே அடையாளம் சொல்லிவிட்டேன், அது குளியலறைக் குழாய்.

இவர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். "இதுல இந்த வண்டிக்குச் சொந்தமானது எதுதாம்வே?"

"தெரியல அண்ணாச்சி. எல்லாமே விருந்தாளியாத்தான் தெரியுது."

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அன்றைக்குக் கழுவிப் பொட்டு வைக்காத சாமானே இருக்கக்கூடாது. நான் அடுக்களையிலிருந்து அரிவாள்மணை, முறுக்கு நாழி, கொழுக்கட்டை அவிக்கும் பித்தளைக் கொப்பரை, அதன் உள்தட்டு எல்லாவற்றையும் தேய்த்துக் கொண்டுவந்தேன். இவர் ஹீட்டரின் உறுப்புகளைத் துடைத்துக் கொண்டுவந்தார். சாமிக்கு முன்னால் வாழையிலையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டோம். மறுநாள் வரை யாரும் எதையும் தொடக்கூடாது. விஜயதசமி காலையில் அவரவர் சாமானை அவரவர் எடுத்துக்கொண்டு போனோம்.

பத்து மணிக்கெல்லாம் முற்றத்தில் ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டியின் வாயில் ஒரு வட்டமான ஓட்டைத் தகடு பொருந்தி உட்கார்ந்திருந்தது. இருவரும் அதைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியாளா! கச்சிதமா உக்காந்துட்டு! இது மட்டும் அசலு!"

"பித்தளையில செஞ்சிருக்கான் அக்கா. இப்ப யாரு பித்தளையில போடுதா? அந்தக் காலத்துக் கம்பெனிச் சாமான்" என்றார் பாய்.

குங்குமமும் சந்தனமும் அப்பிக் கிடந்த அந்தத் தகட்டை நான் சரியாகப் பார்க்கவில்லை. என் கொப்பரையை ஏற்கெனவே பரணில் ஏற்றிவிட்டிருந்தேன். தவிர, அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நல்லது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அந்தத் தகட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாக ஏதோ எண் வெட்டியிருந்தது அவர் கண்ணில் பட்டது. அவ்வளவுதான், ஆள் கையில் கிடைக்கவில்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி, எந்த மாடல், மற்ற உறுப்புகளெல்லாம் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தார். பழைய ஜீப் வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குழுக்களில் எல்லாம் சேர்ந்தார். ஊர் ஊராகப் போன் போட்டார். எண்ணைச் சொல்லுவார், எதிர்ப்பக்கம் தேடிப் பார்க்கிறேன் என்பார்கள், இவர் காத்திருப்பார். ஐப்பசி மழையும் பெய்து ஓய்ந்தது. குளிர்காலம் நெருங்க நெருங்க அவர் முகம் வாடியது. இந்த வருஷமும் இல்லை போலிருக்கிறது என்று எனக்குள்ளும் ஒரு சோர்வு. வெளியே காட்டிக்கொள்ளாமல், "அந்த நம்பரை லாட்டரியில போட்டுப் பாருங்க" என்று கிண்டல் செய்வேன்.

திருக்கார்த்திகை வந்தது. ஓலைக் கொழுக்கட்டை அவிக்கப் பரணிலிருந்து பித்தளைக் கொப்பரையை இறக்கினேன். தண்ணீர் ஊற்றி, கொழுக்கட்டைகளை அடுக்கி, அடுப்பில் வைத்தேன். ஆவி வந்தது. வந்த ஆவியில் பனை ஓலை மணக்கவில்லை, டீசல் மணத்தது. மூடியைத் திறந்து, கொழுக்கட்டைகளை அள்ளி எறிந்து, இடுக்கியால் அடியில் துழாவினேன். உள்தட்டு இருக்கவேண்டிய இடத்தில் சிக்கியது கறுப்பு இரும்புத் தகடு. அதில் காற்றைத் திருப்பிவிடும் சின்ன இறக்கைகள் வேறு.

அதை அப்படியே தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். இவரும் பாயும் செல்போனை ஸ்டூலில் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டு, கோயம்புத்தூரில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் அந்த எண்ணை ஒவ்வொன்றாக நிறுத்தி வாசித்தார்.

நான் குறுக்கே புகுந்தேன். "அதை இன்னொரு தடவ சொல்லுங்க."

பெருமையாக மறுபடியும் சொன்னார்.

"அது என்ன நம்பருங்க?"

"பார்ட் நம்பருளா."

"அது நம்ம கல்யாணத் தேதி!"

ஹீட்டர் வாயில் உட்கார்ந்திருந்தது என் கல்யாணச் சீர்க் கொப்பரையின் உள்தட்டு. பெயர் வெட்டித்தான் கொடுத்தார்கள். என் அப்பாவின் முதலெழுத்துகள் நான் புளி போட்டுத் தேய்த்ததில் போய்விட்டன. தேதி மட்டும் மிஞ்சியிருந்தது. அதைத்தான் இந்த மனிதர் இரண்டு மாதமாக ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது போனிலிருந்து குரல் வந்தது. "சார், அந்த நம்பர்ல எங்ககிட்ட ஸ்டாக் இல்லீங்க சார்."

"அண்ணாச்சி, தொழுகைக்கு நேரமாச்சு" என்று பாய் எழுந்தார். அது எந்தத் தொழுகைக்கும் நேரம் இல்லை.

அன்று நான் பேசிய பேச்சை எழுதினால் இந்தப் பக்கம் தாங்காது. கொழுக்கட்டை போன கோபம் ஒரு பங்கு, தேதி தெரியாத கோபம் ஒன்பது பங்கு. அவர் ஒரே ஒரு பதில்தான் சொன்னார். "தேதி மறந்துதான் போச்சு. ஆனா ஹீட்டரு யாருக்குன்னு மறக்கலைலா." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து தொலைத்தது.

மறுநாள் பாய் பையத் தலைகாட்டினார். இரும்புத் தகட்டின் நிறம் பெட்டியின் அதே பச்சை என்பது சுரண்டிப் பார்த்ததும் தெரிந்தது. அசல் அதுதான். மற்ற உறுப்புகளுக்கு அசல் தேடுவதை அத்தோடு விட்டார்கள். காற்றாடியின் ஒயரை மாற்றிக் கொடுத்து, சந்தில் கம்பளித் துணியை அடைத்து, குளியலறைத் திருகையே நல்லதாகப் புதிது வாங்கிப் போட்டார்கள். கார்த்திகை கழிந்த ஒரு விடிகாலையில், உள்ளே சூடு குபுகுபுவென்று அடித்தது. என் பாதம் சுட்டது.

மார்கழியில் கிளம்பினோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அவர் திருகை முழுக்கத் திறந்தார். ஒவ்வொரு வளைவிலும் ஒரே கேள்வி.

"மூச்சு முட்டுதாளா?"

"இல்ல."

"இப்போ?"

"நீங்க கேட்டுக் கேட்டே முட்ட வச்சிராதீங்க!"

வெளியே மூடுபனி. எதிரே வந்த வண்டிக்காரர்கள் எல்லாம் சால்வைக்குள் புதைந்திருந்தார்கள். அன்றைக்கு டாக்சியைத் திருப்பிய இடம் எது என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஓரிடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். கொஞ்ச தூரத்தில் சட்டையைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்தார். பனியனும் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"வேர்த்துக் கொட்டுதே, திருகைக் கொஞ்சம் மூடுங்க."

"அதைத் தொடாத."

அப்படியே ஏரிக்கரை வரை ஏறினோம். நான் ஸ்வெட்டரோடு, அவர் பனியனோடு. வண்டியை நிறுத்தியதும் குல்லா போட்ட ஒரு குடும்பம் நின்று அவரை வேடிக்கை பார்த்தது.

"சட்டையப் போடுங்க. சளி புடிக்கும்."

"போடுதேன். எஞ்சினை நிப்பாட்டுதேன், நீ நல்லா ஒரு மூச்சு இழுத்து விடு. நான் கேக்கணும்."

நிறுத்தினார். ஆழமாக இழுத்து விட்டேன். நெஞ்சில் விசில் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. அவர் காதை என் பக்கம் சாய்த்தபடியே இருந்தார்.

"இன்னொரு தடவ விடுளா" என்றார்.