கிராம்பு மரத்துக்கு முதுகு காட்டிய கமிட்டி

முத்துவடிவு பிறந்தது இலஞ்சியில். கல்யாணம் கட்டியதும் மூன்று பிள்ளை பெற்றதும் அங்கேதான். ஆனால் அவள் வயதில் பாதி, குற்றாலத்து மலைச்சரிவில் கிராம்பு மரத்தின் மேலே கழிந்தது. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்தால் எத்தனை கூடை தேறும் என்று சொல்லிவிடுவாள். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால் அவள் கெட்டதும் உண்டு, தோட்டத்து நாற்பது பெண்கள் பிழைத்ததும் உண்டு.

கிராம்பு என்பது மொட்டு. பச்சை மாறிச் சிவப்புத் தட்டியதும் பறித்துவிட வேண்டும். விரிந்துவிட்டால் ஒருவரும் வாங்கமாட்டார்கள். மந்திரி வருகிறார் என்று மொட்டு காத்திருக்காது. ஆண்கள் ஏறினால் கனம் தாங்காமல் கொப்பு முறிகிறது என்று அந்தத் தோட்டத்தில் பெண்களைத்தான் ஏற்றினார்கள்.

ஏறிய பெண்களைக் கீழே நின்று வேடிக்கை பார்ப்பதையே உத்தியோகமாக வைத்திருந்தான் ஒரு கங்காணி. ஐம்பத்திரண்டாம் வருஷம் ஒரு காலையில் முத்துவடிவு எல்லாரையும் கீழே இறக்கி உட்காரவைத்துவிட்டாள். இரண்டு நாள் மொட்டு விரிந்து வீணானது. மூன்றாம் நாள் குத்தகைக்காரர் கங்காணியை அனுப்பிவிட்டு, அவள் போட்ட சட்டத்துக்குத் தலையாட்டினார். பெண்கள் மரத்தில் இருக்கும்போது எந்த ஆணும் வேலிக்குள் வரக்கூடாது. வெளியே நின்றாலும் மரத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். தொழிலாளர் சங்கம் அப்போது அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா?

அறுபத்தொன்றாம் வருஷம் வேறு வினை வந்தது. தோட்டம் அரசாங்க நிலம், குத்தகை முடியப்போகிறது. கிராம்பை வெட்டிவிட்டு ரப்பர் வைக்கலாம் என்று யாரோ எழுதிக் கொடுக்க, விஷயம் சென்னையில் சட்டசபைக்குப் போனது. கிராம்பு ஜாஞ்சிபாரிலிருந்து கப்பலில் வருகிறது, ரப்பரும் கப்பலில் வருகிறது, எதை விளைவித்து எதை வாங்குவது என்று இரண்டு நாள் சண்டை. இறக்குமதியோ டில்லி விவகாரம். சென்னைக்கு அதில் விரல்கடை பாத்தியதை கிடையாது. அதனால்தான் அத்தனை ஆவேசம். ஆனால் மரத்தை வெட்டுவதும் விடுவதும் அவர்கள் கையில் இருந்தது. நேரில் பார்த்து முடிவு சொல்ல ஏழு உறுப்பினர்கள் கொண்ட கமிட்டியை அனுப்பினார்கள். மரம் போனால் நாற்பது பேருக்கும் வேலை போகும். முத்துவடிவுக்கு அது தெரியும்.

தை மாதம் ஒரு காலை, அருவியில் குளித்துத் தலை ஈரம் காயாமல் ஏழு பேரும் மலையேறி வந்தார்கள். மேஸ்திரி ரத்தினம் முன்னால் ஓடிவந்து, வேலிக்கு வெளியே முதுகைத் திருப்பி நின்றுகொண்டு கெஞ்சினார்.

"ஏட்டி முத்துவடிவு, எம்மெல்லேமாரு வந்துட்டாவ. கொஞ்சம் எறங்குங்கட்டி."

"மத்தியானத்துக்குள்ள மொட்டு விரிஞ்சிரும் அண்ணாச்சி. அவுகளையும் உங்கள மாதிரியே திரும்பி இருக்கச் சொல்லுங்க."

ரத்தினம் வேர்த்து விறுவிறுத்துச் சட்டத்தை விளக்கினார். கமிட்டித் தலைவருக்கு முகம் சுண்டிவிட்டது. எதிர்க்கட்சி உறுப்பினர் அப்துல் மஜீது, கடையநல்லூர் வக்கீல், முதல் ஆளாக வேலிக்கு வெளியே விரித்திருந்த ஜமுக்காளத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்தார்.

"நாம சனங்களுக்கு முதுகக் காட்டுறது புதுசா என்ன? இன்னைக்குத்தான் ஒழுங்கா உக்காந்து காட்டுதோம்" என்றார்.

மற்றவர்களும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பார்க்க வந்தது மரத்தை, பார்த்ததோ தென்காசிக் கோபுரத்தையும் வயல்களையும்.

வாதம் தொடங்கியது. ரப்பருக்காகப் பேசியவர் ஆளுங்கட்சி ஆவுடையப்பன், சுரண்டைப் பக்கம் அரிசி மில் முதலாளி. அந்நியச் செலாவணி, டயர் கம்பெனி என்று அடுக்கிவிட்டு, ஜிப்பாவிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கப்பலில் வந்த கிராம்பு, தடித்தடியாக இருந்தது. இதற்கு முன்னால் நம்முடையது சூம்பல் என்றார்.

மேலே இருந்தவளுக்கு எல்லாம் கேட்டது. வேலிக்கு வெளியே கிராம்பு காய்கிற பாய்க்குக் காவல் இருந்த சொக்கம்மாளைக் கூப்பிட்டு, ஒரு செம்புத் தண்ணீரும் காய்ந்த கிராம்பும் கொடுக்கச் சொன்னாள். இரண்டையும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள் என்று மேலிருந்தே உத்தரவும் போட்டாள். ஆவுடையப்பன் போட்டார். தோட்டத்துக் கிராம்பு தலையைத் தூக்கி நட்டமாக நின்றது. கப்பல் கிராம்பு கிடையாகப் படுத்துவிட்டது. மஜீது கைதட்டினார்.

"ஜாஞ்சிபார் மரத்தக் குத்தம் சொல்லாதிய" என்றாள் முத்துவடிவு. "நம்ம மரமும் ஒரு காலத்துல கப்பல்ல வந்ததுதான். நடுவுல எவனோ எண்ணெய எடுத்துட்டுச் சக்கைய வித்திருக்கான்."

ஆவுடையப்பனுக்கு ரோஷம் வந்தது. "சரிம்மா. ஆனா ரப்பர் வச்சா நாட்டுக்கு லாபம்லா?"

"ரப்பர் பால் குடுக்க எத்தன வருஷம் ஆகும் அய்யா?"

"ஏழு."

"அந்த ஏழு வருஷமும் நாங்க நாப்பது பேரு எதத் திங்க? பால் வடிக்கவும் ஆம்பளையத்தான் கூப்பிடுவிய. அந்தா எதுத்தாப்புல மொட்டைச் சரிவு கெடக்கே, அங்கன வைங்க ரப்பர. யாரு வேண்டாங்கா?"

ஏழு பேரும் எதிர்ச்சரிவைப் பார்த்தார்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்ததில் அது நேர் எதிரே கிடந்தது. ஒரு புல் பூண்டு இல்லை. வந்த காரியத்தை இங்கேயே முடித்துவிடலாம் என்று தலைவர் சொன்னார். கிராம்பு நிற்கட்டும் என்பவர்கள் கை தூக்கலாம்.

பின்னால் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். முத்துவடிவுக்கு மொட்டு கிள்ளிய விரல் நின்றுவிட்டது. எண்ணினாள். மஜீது கை ஒன்று. ஓரத்தில் இருந்தவர் ஒன்று. தலைவரும் தூக்கினார், மூன்று. நாலு வேண்டும். அதற்கு மேல் ஒரு கையும் எழும்பவில்லை.

ஆவுடையப்பன் இன்னும் செம்பைக் கையில் பிடித்தபடி எதிர்ச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டு இல்லாமல் மில் நின்று பத்தே நாள் வரும்படி இல்லாதபோது தன் வீட்டில் என்ன கூத்து நடந்தது என்று அந்நேரம் நினைத்துக்கொண்டாராம். பிறகு தென்காசியில் அவரே சொன்னது இது. செம்பைக் கீழே வைத்தார். கையைத் தூக்கினார்.

முத்துவடிவு குலவையிட்டாள். என்ன ஏது என்று கேட்காமல் அடுத்த மரம் எடுத்தது, அதற்கடுத்தது எடுத்தது. நாற்பது வாயும் சேர்ந்த குலவை மலையில் முட்டித் திரும்பியது. தலைவர் பதறிப்போய் எழுந்தார், ஆனால் திரும்பவில்லை. மஜீதுக்குச் சிரிப்பில் புரையேறி, ஆவுடையப்பன்தான் செம்புத் தண்ணீரை எடுத்துக் கொடுத்தார். கிராம்பு மிதந்த தண்ணீரையே மடமடவென்று குடித்தார் வக்கீல்.

கமிட்டி எழுதியதைச் சட்டசபை அந்தப் பங்குனியில் ஏற்றுக்கொண்டது. ரப்பர் எதிர்ச்சரிவுக்குப் போனது. ஆனால் அந்தச் சேதி பத்திரிகையில் வரட்டும் என்று முத்துவடிவு காத்திருக்கவில்லை. கமிட்டி வந்த அன்றைக்கே, அவர்கள் இறங்கிப் போனதும், ரத்தினம் வேலிக்கு வெளியிலிருந்து, நாளைக்கு எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டார்.

"நாப்பது பேரும்" என்றாள், அடுத்த கொப்பை வளைத்துக்கொண்டே.