இன்னொரு பானை பால்சோறு

என் அத்தை பெந்தெ எங்கள் துறைமுக ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். மீன் ஏலக் கூடத்து மேனேஜரைக்கூட நடுத்தெருவில் நிறுத்தி, "நீ வண்டி திருப்புற லட்சணத்துக்கு உனக்கு லைசென்ஸ் ஒரு கேடா?" என்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினேழு வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் பேச அவளுக்கு விஷயம் இருந்ததில்லை. என்னிடமும் அப்படித்தான். பல வருடம் வெளியே சுற்றிவிட்டு அந்த டிசம்பரில் நான் திரும்பியபோதுதான் நிறையப் பேசினாள், பெரும்பாலும் மற்ற நாட்டு டிரைவர்களைப் பற்றி.

அதனால் பக்கத்து வீட்டு அஸ்தாவை அவள் கவனித்தது எனக்கு ஆச்சரியம். அஸ்தாவுக்கு எட்டு வயது. அம்மா கோடையில் வேறு ஊருக்குப் போய்விட்டாள். அப்பா எஸ்பெனுக்கு மீன்பிடிப் படகில் வேலை. கரையில் இருக்கும் நாட்களில் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருப்பான். தெருவெல்லாம் ஜன்னலில் காகித நட்சத்திரம் தொங்க, அந்த வீட்டில் மட்டும் டிவி வெளிச்சம். பள்ளி விட்டு வரும் அஸ்தா வீட்டுக்குள் போகாமல், யாரும் சொல்லாமலே, அத்தையின் கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நிற்பாள்.

"போதும், கண்ணாடியே தேஞ்சிடும்," என்றாள் அத்தை, கிறிஸ்துமஸ் விருந்துக்கு முந்தின நாள். "நாளைக்கு உங்க வீட்ல என்ன சமையல்?"

"பீட்சா."

"பண்டிகைக்கு வாத்து வறுக்கலையா?"

"ரெண்டு பேருக்கு எதுக்கு வாத்துன்னு அப்பா சொன்னாரு."

அத்தை நேரே போய் அவர்கள் கதவைத் தட்டினாள். எஸ்பென் கசங்கிய சட்டையோடு வந்து நின்றான்.

"நாளைக்கு ரெண்டு பேரும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க."

"நாங்க யாருக்கும் தொந்தரவு குடுக்கிறதில்லீங்க."

"ஓட்டக் கத்துக்கிறப்ப என் காரைக் கொண்டுபோய் வாய்க்கால்ல இறக்கினவன் நீ. அதுக்கு மேல என்னப்பா தொந்தரவு?"

அவன் சிரிக்கவில்லை. "பொண்ணை மட்டும் அனுப்பறேன். பாதாம் கிடைச்சதும் கிளம்பி வந்துடணும், புரியுதா?" என்றான். கடைசிச் சொல் பின்னால் நின்ற அஸ்தாவுக்கு. அவள் தலையாட்டினாள்.

எங்கள் ஊரில் விருந்து பாதாமோடு முடியும். பால்சோற்றில் நறுக்கிய பாதாமுக்கு நடுவே ஒரே ஒரு முழுப் பாதாம் கிடக்கும். கிடைத்தவருக்குப் பரிசு உண்டு. ஆனால் உடனே சொல்லிவிட மாட்டார். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மற்றவர்கள் பாத்திரம் காலியாகும்வரை திணறித் தின்பதை வேடிக்கை பார்ப்பார்.

மறுநாள் மேஜையில் அத்தை, அவள் தம்பி மோகன்ஸ் சித்தப்பா, நான், தானே தலையை ஈரமாக வாரிக்கொண்டு வந்த அஸ்தா. அத்தை பரிமாறும்போது அஸ்தாவின் கிண்ணத்தில் முழுப் பாதாமைக் கட்டைவிரலால் அழுத்தி மறைத்ததை நான் பார்த்தேன். போக்குவரத்து விதியில் ஒரு எழுத்து மீறாதவள்.

சித்தப்பா மூன்றாவது கிண்ணத்தில் பெல்ட்டைத் தளர்த்தினார். பாத்திரம் காலியானது. யாரும் பாதாமை எடுத்துக் காட்டவில்லை.

"யாரு வச்சிருக்கீங்க? எடுங்க," என்றார். "அக்கா, நீ பாதாம் போடவே மறந்துட்ட. வயசாச்சு இல்ல."

"உன் தொப்பையில தேடிப் பாரு, இருக்கும்."

அத்தை அஸ்தாவிடம் திரும்பினாள். "உனக்குக் கிடைச்சுதா?"

அஸ்தா இல்லையென்று தலையாட்டினாள்.

"முழுங்கிட்டியா?"

மறுபடியும் தலையாட்டல். இந்த முறை வேகமாக. பாதாம் பல்லில் இடித்த சத்தம் எங்களுக்கே கேட்டது. அவள் கண் வாசலுக்குப் போய்த் திரும்பியது.

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள். பிறகு எழுந்து, பெரிய பானையைக் கழுவி, பாலை ஊற்றி அடுப்பில் வைத்தாள்.

"என்னக்கா பண்ற?"

"பாதாம் இன்னும் கிடைக்கலையே. இன்னொரு பானை சாப்பிட வேண்டியதுதான்."

"செத்தேன்," என்றார் சித்தப்பா.

அரிசி வேக நேரம் பிடித்தது. அஸ்தா ஸ்டூலில் ஏறி நின்று, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கிண்டினாள். அத்தை அந்தப் பானையில் பாதாம் எதுவும் போடவில்லை. இலவங்கப்பட்டையும் சர்க்கரையும் தூவி, மேலே வெண்ணெய் வைத்தாள். சுடச்சுட மேஜைக்கு வந்தபோது அழைப்பு மணி அடித்தது. எஸ்பென்.

"ரொம்ப நேரமாச்சு. அதான் கூட்டிட்டுப் போகலாம்னு."

"பாதாம் கிடைச்சதும்னுதானே சொன்ன? இன்னும் கிடைக்கல," என்றாள் அத்தை.

அவன் காலி பாத்திரத்தைப் பார்த்தான். ஆவி பறக்கும் பானையைப் பார்த்தான். பிறகு மகளைப் பார்த்தான்.

"அஸ்தா, போலாமா?"

அவள் தன் கிண்ணத்தைப் பானைப் பக்கம் நகர்த்தினாள். வலது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அதற்கு அர்த்தம் தெரியும்.

எஸ்பென் வாசற்படியிலேயே நின்றான். குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. சித்தப்பா எழுந்து தன் நாற்காலியைத் தள்ளி வைத்தார். "வாப்பா, புண்ணியமாப் போகும். இதுல எனக்கு ஒரு கரண்டிகூட இறங்காது."

எஸ்பென் கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.