வெள்ளிக்கிழமைக் கணக்கு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கோடையில் எங்கள் வீட்டில் என்னை வைத்து இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. ஒன்றுக்கு மாமா தலைவர், மற்றதற்கு வாப்பா. மாமாவின் ஜவுளிக்கடை மேலப்பாளையத்தில் எங்கள் தெருமுனையிலேயே இருந்ததால் நினைத்தபோதெல்லாம் வந்து பிரச்சாரம் செய்துவிட்டுப் போவார். வாப்பா வளைகுடாவில், தம்மாமில் ஒரு மருத்துவமனையின் சாமான் கிடங்கில் வேலை பார்த்தார். அவருக்கு வெள்ளிக்கிழமைச் சாயங்கால வீடியோ கால் மட்டும்தான். உம்மா இருவர் சொன்னதற்கும் தலையாட்டி வைத்தாள்.

எனக்கு உயிரியல் என்றால் உயிர். கணக்கு என்றால் ஓட்டம். பாளையங்கால்வாயில் தலைப்பிரட்டைகளைப் பிடித்து வந்து ஊறுகாய் பாட்டிலில் விட்டு, கால் முளைத்துவிட்டதா என்று காலையும் மாலையும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பதினொன்றாம் வகுப்பில் என் போன்றவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. கணக்கையே தொடாமல் தாவரவியலும் விலங்கியலும் படிக்கிற பியூர் சயின்ஸ் ஒன்று. உயிரியலோடு கணக்கையும் சேர்த்துச் சுமக்கிற பயோ மேத்ஸ் இன்னொன்று.

“தவளையப் பாக்கதுக்குக் கணக்கு எதுக்கு? பிள்ளையப் போட்டு ஏன் வதைக்கணும்?” என்றார் மாமா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்த தோழி பியூர் சயின்ஸ் என்று முடிவு செய்துவிட்டாள். புது வகுப்பில் ஜன்னலோரப் பெஞ்சைப் பிடிப்பது வரை நாங்கள் பேசி வைத்திருந்தோம்.

வாப்பா மட்டும் விடவில்லை. “இங்கன லேப்ல பாக்குதேன் மவளே. ரத்தத்தப் பாக்கது ஒரு ஆளுன்னா, அதுல வந்த நம்பரப் பாக்கது நாலு பேரு. உயிரியல்தான் வேணும்னா கணக்க விட்டுராத.”

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமா, கால் முடிந்ததும் சிரித்தார். “அட்டப்பெட்டி அடுக்குத மனுசன் லேப்பப் பத்திச் சொல்ல வந்துட்டாரு!” உம்மாவின் முகம் சட்டென்று சுருங்கியது. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

சேர்க்கை நாளில் மாமாதான் என்னைப் பைக்கில் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போனார். பள்ளியில் டீச்சர் கேட்பதற்குள் “பியூர் சயின்ஸ்” என்று சொல்லிவிட்டார். டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

“ஏளா, படிக்கப் போறது நீயா, உங்க மாமாவா? டாக்டர் ஆகணும்னா இது போதும். பின்னால ஆராய்ச்சி அது இதுன்னு போனா கணக்கு இல்லாம கஷ்டப்படுவ. இப்ப விட்டா பெறவு பிடிக்கது லேசில்ல. யோசிச்சுச் சொல்லு.”

நான் ஆராய்ச்சியைப் பற்றி யோசிக்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உம்மாவின் முதுகுதான் நினைவுக்கு வந்தது. “பயோ மேத்ஸ்” என்றேன். திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தபோது மாமா இன்ஜினை அணைக்காமல் முறுக்கிக்கொண்டே நின்றார்.

புது வகுப்பில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலானவர்கள் இங்கிலீஷ் மீடியத்திலிருந்து கூட்டமாக வந்து சேர்ந்தவர்கள். கரும்பலகையில் டீச்சர் பாதி எழுதும்போதே விடையைச் சொல்லிவிடுவார்கள். நான் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்குத் தோழியைத் தேடி அடுத்த கட்டடத்துக்கு ஓடுவேன். சில வாரங்களில் அவள் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். எனக்கும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் சிரித்ததெல்லாம் அவர்கள் வகுப்பில் நடந்ததற்கு. பிறகு நான் போவதை நிறுத்திக்கொண்டேன். மாலையில் கணக்குச் சிறப்பு வகுப்பு இருந்ததால் பஸ்ஸிலும் தனியாகத்தான் வந்தேன்.

முதல் தேர்வில் கணக்கில் தோற்றேன். அந்த வெள்ளிக்கிழமை வாப்பா திட்டவில்லை.

“இன்னைக்கு என்ன கணக்கு நடந்துச்சு? கேமராவ நோட்டுப் பக்கம் திருப்பு பாப்போம்” என்றார். கணக்கைப் பார்த்து ஓர் அட்டைப்பெட்டியின் உள்பக்கத்தில் எழுதிக்கொண்டார். அவர் அங்கே போட, நான் இங்கே போட வேண்டும். வாப்பா பத்தாவதோடு படிப்பை விட்டவர். அவர் விடை பெரும்பாலும் தப்பாகத்தான் வரும். “எங்கன தப்பு பண்ணுனேன்? பையச் சொல்லு” என்பார். நான் சொல்லச் சொல்ல சிக்னல் அறுந்துபோகும். திரும்பக் கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து கேட்பார். அவர் முதுகுக்குப் பின்னால் அடுக்குக் கட்டிலும், அதில் காயும் சட்டைகளும் தெரியும். பக்கத்தில் ஆள் யாரும் இருந்து நான் பார்த்ததில்லை. அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இது வழக்கமாகிவிட்டது.

மழைக்காலத்துக்குப் பிறகு பியூர் சயின்ஸ்காரர்களைத் திருச்செந்தூர்க் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். சிப்பி, நண்டு, கடல்பாசி எல்லாவற்றையும் நேரில் பார்க்க. எங்கள் வகுப்புக்கு அன்று கணக்குத் தேர்வு. காலையில் அவர்கள் பஸ் கத்தலும் கைதட்டலுமாகப் பள்ளி வாசலைத் தாண்டியது. ஜன்னலிலிருந்து தோழி எனக்குக் கை காட்டினாள். பதிலுக்குக் கையைத் தூக்கினேனா என்று நினைவில்லை. அந்தப் பள்ளி முழுவதிலும் தலைப்பிரட்டை வளர்த்தவள் நான் ஒருத்திதான்.

அன்றும் வெள்ளிக்கிழமை. வாப்பா திரையில் வந்ததும் முகத்தைக் காட்டாமல் போனை நோட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன்.

“பரீட்ச எப்படி?”

“நல்லா எழுதிருக்கேன்.”

“எதுக்கு மூக்க உறிஞ்சுத?”

“சளி.”

அவர் பக்கம் அட்டையைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “சரி, ஒரு கணக்கு சொல்லு” என்றார். அன்று வகைக்கெழு. அது அவர் படிக்காத பாடம். “ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்ப்பதுதான் வாப்பா” என்று புத்தகத்தில் இருந்ததையே ஒப்பித்தேன். அவருக்குப் புரியவில்லை. வால் சுருங்கிக் கால் வளரும் தலைப்பிரட்டையை வைத்துச் சொன்னேன். எந்த நாள் வேகமாக வளர்ந்தது, எந்த நாள் நின்றுபோனது என்று சொல்லிக்கொண்டே போனபோது எனக்கே அது முதல் தடவையாகப் புரிந்தது. அழுததை மறந்துவிட்டேன். “இன்னொண்ணு சொல்லு” என்றார். அது முடிந்ததும் “இன்னும் ஒண்ணு.” எனக்குத் தூக்கம் வந்தது, எரிச்சலாகவும் இருந்தது. முதல் தேர்வில் தோற்றதற்காக இப்படிப் பிழிகிறார் என்றே எண்ணினேன்.

கணக்கில் நான் பெரிய ஆள் ஆகிவிடவில்லை, ஆனால் தேறினேன். பாளையங்கோட்டையிலேயே விலங்கியல் படித்தேன். இப்போது தாமிரபரணியில் மீன்கள் பெருகுவதையும் குறைவதையும் பதிவு செய்கிற வேலை. நாளின் முக்கால்வாசி எண்களோடுதான் போகிறது. வாப்பா சொன்னது சரிதான்.

நான் கல்லூரியில் இருந்தபோது அவர் ஊருக்கே வந்துவிட்டார். வந்த முதல் வெள்ளிக்கிழமை, கல்லூரியிலும் விடாத பழக்கத்தில் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். உம்மா போட்ட தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தவர் நோட்டைப் பார்த்துச் சிரித்தார்.

“இனி அது எதுக்குளா? அதான் நான் வந்துட்டம்லா.”

பயோ மேத்ஸ் படித்த அந்த இரண்டு வருடமும் தனியாக இருந்தது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.