சித்தப்பாவின் கை மட்டும் விழுந்த படம்

எங்கள் அப்பா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருடைய கல்யாணப் படம் அவர் எடுத்ததுதான்.

கம்பளைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த அப்பா, கண்டி டவுனுக்கு வந்து ஒரு ஸ்டூடியோவில் கூட்டிப் பெருக்கித் தொழில் படித்தார். பிறகு சொந்தமாகவே ஒன்று போட்டார். மாப்பிள்ளையின் காலை இப்படி வை, அப்படி வை என்று அவர் படுத்தும் பாட்டில், "மாமா, இது குதிர இல்ல, மாப்பிள்ள!" என்று பெண்வீட்டார் கேலி செய்வார்கள்.

கேலிக்குக் காரணம் உண்டு. அப்பாவின் ஒரே தம்பி, எங்கள் சித்தப்பா, கம்பளைப் பக்கம் ஒரு முதலாளியின் குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். குதிரை விலைக்குப் போகும்போது, தூரத்திலிருந்து வாங்குகிறவர்களுக்கு அதன் உடற்கட்டைக் காட்டப் படம் அனுப்ப வேண்டும். அதை எடுப்பது அப்பா. குதிரையைச் சமதரையில் பக்கவாட்டாக நிறுத்தி, நான்கு காலும் தனித்தனியே தெரியும்வரை நகர்த்தி, அதன் உடம்பின் நடு உயரத்துக்குக் குனிந்து எடுப்பார். கயிற்றைப் பிடிக்கும் சித்தப்பா, குதிரையை மறைக்காமல் கையை நீட்டிக்கொண்டு படத்துக்கு வெளியே நிற்க வேண்டும்.

கடைசியாக எடுத்த அன்று நானும் போயிருந்தேன்.

"அண்ணே, என்னையும் ஒன்னு எடுங்களேன்," என்றார் சித்தப்பா.

"ஒன் கல்யாணத்துக்கு ஜோரா எடுக்கிறேன்டா. இப்ப தள்ளி நில்லு, நெஞ்சு மறையுது."

சித்தப்பா சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார்.

அடுத்து வந்தது, தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரித்த எண்பத்து மூன்றின் ஆடிக் கலவரம். ஸ்டூடியோ எரிந்தது. நாங்கள் அகதி முகாமுக்குப் போனோம். எங்களைத் தேடிக் கம்பளையிலிருந்து புறப்பட்ட சித்தப்பா வந்து சேரவே இல்லை. அப்பா போன முகாம்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் முதலில் கேட்டது, "ஆளோட படம் இருக்கா?" என்றுதான். தோட்டத்துத் தமிழர் பலரைப் போலப் பிரஜாவுரிமை கிடைக்காததால் சித்தப்பாவுக்கு அடையாள அட்டையும் இல்லை. முதலாளி வீட்டில் இருந்த குதிரைப் படத்தை வாங்கிக்கொண்டு அப்பா அலைந்தார். குதிரையின் தசையெல்லாம் அதில் துல்லியமாகத் தெரியும். ஓரத்தில், மணிக்கட்டு வரை ஒரு கை.

யுத்தம் நீண்ட காலமெல்லாம் அப்பா குதிரைப் படம் எடுக்கவில்லை. வாடகைக் கடையில் இருந்துகொண்டு கல்யாணங்களுக்கு மட்டும் போனார். அங்கே சமையற்காரர், வேன் டிரைவர், இலை எடுக்கிறவர் என்று எல்லாரையும், "நீங்களும் வந்து நில்லுங்க," என்று வற்புறுத்தி நிறுத்தினார்.

"சித்தப்பா படமெல்லாம் ஸ்டூடியோவோட எரிஞ்சிருக்கும்ப்பா," என்று ஒருமுறை ஆறுதல் சொன்னேன்.

"எரியலம்மா. நான் எடுக்கவே இல்ல," என்றார்.

அந்த வேதனையோடுதான் அப்பா போனார் என்பதே எங்கள் துக்கம்.

படுக்கையில் இருந்த மாதங்களில் மருந்து வாங்கித் தந்த மடவளை நண்பர்களுக்கும், சோறு சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வீட்டுப் பழைய படங்களைத் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். வேறு யாரோ எடுத்த ஏதாவதொரு கூட்டத்தின் பின்வரிசையில் சித்தப்பா நிற்கக்கூடும். முகம் மங்கியிருந்தாலும் பரவாயில்லை. அப்பா மாலையோடு இருக்கும் சுவரில், அவர் தம் கையாலேயே அடித்துவிட்டுப் போன இன்னோர் ஆணி சும்மா இருக்கிறது.