பொடவுக்குள் இரண்டு பேர்

நாமகிரிப்பேட்டைக்காரர் சென்னிமலைக்குக் கிணறுதான் பிழைப்பு. வற்றிய கிணற்றின் அடியில் நின்று, பக்கச் சுவர்ப் பாறையில் மிஷினால் துளை போட்டு ஊற்றைத் தேடுவார். சைடு போர் என்பார்கள். எந்தக் கிணற்றில் இறங்கினாலும் முதல் வேலையாகச் சுவரில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்குக் குடைந்துவிடுவார். மேலேயிருந்து கல் விழுந்தால் ஒதுங்க அதுதான் இடம். அவர் வாயில் அதற்குப் பெயர் பொடவு.

கூட வேலை செய்பவன் தங்கை கண்ணாத்தாளின் புருஷன் தமிழரசு. மிஷின் இருவருக்கும் பொது. பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. போன வருஷம் தமிழரசு மகனுக்குக் காதுகுத்து. சென்னிமலை அன்று புதுச்சத்திரத்தில் ஒரு கிணற்று வேலையை முடித்துக் குளித்துக் கிளம்பி வருவதற்குள், நல்ல நேரம் போகிறதென்று கண்ணாத்தாளின் பெரியப்பா மகன் மடியில் பிள்ளையை வைத்துக் குத்திவிட்டார்கள். சொந்தத் தாய்மாமன் புது வேட்டியோடு பந்தலில் நின்றார். அவமானம் என்றால் சாதாரண அவமானமா? அன்றிலிருந்து கிணற்றுக்குள் இருவருக்கும் சைகைதான். பேசாமலே பாறையை உடைத்தார்கள் என்றால் நம்ப வேண்டும்.

ராசிபுரம் பக்கம் ஒரு கிணறு. முதல் நாள் மழையில் மேல்மண் ஊறியிருந்தது. துளையில் ஊற்று பீய்ச்சியடித்த சற்று நேரத்தில் கரை சரிந்து, அவர்களை இறக்கிவிட்ட கிரேனும் தலைகுப்புற உள்ளே சாய்ந்தது. கிரேன்காரன் குதித்துத் தப்பினான். சென்னிமலை மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்துப் பொடவுக்குள் தள்ளி, தானும் புகுந்தார். ஓர் ஆள் இடத்தில் இரண்டு பேர். முழங்கால் நெஞ்சை இடித்தது. கிரேனுக்கும் மண்ணுக்கும் நடுவே கையகல வானம் தெரிந்தது. கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எந்தத் தண்ணீருக்காக மாரடித்தார்களோ அதே தண்ணீர்.

"தீயணைப்பு வண்டி வருதுங்க, அசையாம இருங்க" என்று மேலே யாரோ கத்தினார்கள்.

சென்னிமலைக்குப் பயமாக இருந்தது. போயும் போயும் இவன் தோளில் சாய்ந்தா சாக வேண்டும் என்று எரிச்சலும் வந்தது.

"இந்தக் குகையில கெடந்து சாகோணும்னு எழுதியிருக்குதுங்க மச்சான்" என்றான் தமிழரசு.

"குகை இல்ல மாப்ள, பொடவு."

ஒரு வருஷம் கழித்துப் பேசிய முதல் பேச்சு. அதுவும் திருத்தம்.

தமிழரசு சேலத்தில் குகை என்ற பகுதியில் பிறந்தவன், விடுவானா? "எங்க ஏரியாப் பேரே குகைதானுங்க. வடமொழிச் சொல்லாம். மறைச்சு வெக்கறதுன்னு அர்த்தம்னு வாத்தியார் சொன்னாரு. நம்மளையும் மறைச்சுத்தானே வெச்சிருக்குது."

"கொல்லிமல அடிவாரத்துல மழைக்கு ஒதுங்கற பாறையெல்லாம் பொடவுதான். புடைன்னா பக்கம். பக்கமா ஒதுங்கறதுனால பொடவு. ஒளியறதுக்கு இல்ல."

இந்த விளக்கத்தைப் பண்டிதர்கள் ஒப்புவார்களோ மாட்டார்களோ, அவராகக் கட்டிய கணக்கு அது. தமிழரசு மறுத்தான். இவர் மல்லுக்கு நின்றார். வாய் ஓய்ந்தால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

தண்ணீர் பொடவுக்குள் ஏறி மடியை நனைத்தபோது தமிழரசு திடீரென்று, "காதுகுத்துல நாந்தானுங்க அவசரப்பட்டுட்டேன்" என்றான்.

"செரி உடு. இப்படி நகந்து உக்காரு" என்றார் சென்னிமலை.

கிரேனின் இடுக்கு வழியாக ஒரு கயிறு இறங்கியது. ஒரு தடவைக்கு ஓர் ஆள்தான் என்றார்கள். இருவரும் அடுத்தவரைப் போகச் சொன்னார்கள். சென்னிமலை கயிற்றை மாப்பிள்ளையின் இடுப்பில் தானே மாட்டினார். "கண்ணாத்தா மேல நிப்பா. போ."

அவன் போனபின் இடம் தாராளமாகிவிட்டது. காலை நீட்டலாம். ஆனால் அதுவரை இல்லாத நடுக்கம் அப்போதுதான் பிடித்தது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. எத்தனையோ கிணறுகளில் தன் கையால் குடைந்த பொடவு, தனியாக இருந்தபோது அவன் சொன்ன குகையாகவே இருந்தது. தன்னை யாரும் பார்க்கவே முடியாது என்று தோன்றியது.

"மாப்ள" என்றார். குரல் எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

மேலே யாரோ, "ஆம்புலன்ஸுல ஏறுங்க, கரை இன்னும் சரியும்" என்று யாரையோ அதட்டுவது கேட்டது. பிறகு கையகல வானத்தை மறைத்து ஒரு தலை நீண்டது. தமிழரசு மண்ணில் குப்புறப் படுத்திருந்தான்.

"பக்கத்துலதானுங்க இருக்கறேன் மச்சான்."

சென்னிமலை ஓரமாக நகர்ந்து, அவன் உட்கார்ந்திருந்த இடத்தைக் காலியாக விட்டுவைத்தார். கயிறு வரும்வரை அந்தப் பக்கம் கையை வைத்தபடியே இருந்தார்.