கால் மாத்திரையோடு விருத்தாசலம்

விழுப்புரம் ஜங்ஷனில் காலை பாசஞ்சரில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் நான் செய்த முதல் வேலை, கைப்பையைத் திறந்து காகிதப் பொட்டலம் இருக்கிறதா என்று பார்த்ததுதான். இருந்தது. பையை மூடினேன். மூடும்போது பொட்டலம் கீழே விழுந்திருக்குமோ என்று மறுபடியும் திறந்தேன். எதிர் இருக்கை அம்மாள் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். என்னைத் திருடி என்று நினைத்தாரோ என்னவோ.

பொட்டலத்தில் இருந்தது ஒரு மாத்திரையின் கால் பாகம். பதற்றத்துக்காக நான்கு வருடமாகச் சாப்பிட்டு வந்த மாத்திரை. இப்போது மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார். முழுசு முக்காலாகி, அரையாகி, இப்போது காலையில் கால், சாயங்காலம் கால். ஒவ்வொரு படி இறங்கும்போதும் உடம்பு சில வாரம் அடம் பிடிக்கும். குக்கர் விசில் அடித்தால் நெஞ்சு தூக்கிப் போடும். ரேஷன் கடை வரிசையில் பாதியில் விலகி வெறும் பையோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்று, அடுப்பை அணைக்க மறந்திருக்கிறேன். இதையெல்லாம் வெளியில் சொல்ல முடியாது. சொன்னால், "உனக்கு என்ன குறை?" என்பார்கள்.

நாத்தனார் புதுவீடு கட்டியிருக்கிறாள். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க உள்ளங்கை அளவு பீங்கான் பிள்ளையார்களை விருத்தாசலத்தில் சொல்லி வைத்திருந்தோம். யார் போய் வாங்கி வருவது என்ற பேச்சு வந்தபோது, நான் போகிறேன் என்றேன்.

"நான் லீவு போட்டுட்டு வரேன்" என்றார் என் கணவர்.

"வேணாம்."

"தனியா போயிட்டு வந்துடுவியா?"

அந்தக் கேள்விதான் எனக்கு ஆகாது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனால் நான்கு வருடமாக நான் தனியாக எங்கும் போனதில்லை. இதை ஒழுங்காக முடித்துத் திரும்பினால் நான் மறுபடியும் ஒரு முழு ஆள். நடுவில் யாராவது வந்து அழைத்துப் போகும்படி ஆனால், அப்புறம் தெருமுனைக் கடைக்குக்கூடத் துணை இல்லாமல் விடமாட்டார்கள். அதைவிட, நானே போகமாட்டேன். அதனால்தான் மாத்திரை அட்டையையும் மருத்துவர் சீட்டையும் வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு, சாயங்காலத்துக்கான அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்து வந்தேன். அட்டை கையில் இருந்தால் பரிக்கல் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் முழு மாத்திரையை முழுங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். பெரிய புத்திசாலித்தனம் என்று அப்போது நினைத்தேன்.

உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால் வண்டி வெட்டவெளியில் நின்றது. எக்ஸ்பிரஸ் ஒன்றுக்கு வழி விடுவதாகச் சொன்னார்கள். மின்விசிறி நின்றது, பேச்சு நின்றது, என் இதயம் மட்டும் ஓடியது. நாக்கு அட்டைபோல் காய்ந்துவிட்டது. எதிர் அம்மாள் ஸ்ரீமுஷ்ணம் போகிறவர். அதற்குள் என்மீது இருந்த சந்தேகம் தீர்ந்திருந்தது.

"மூஞ்சி ஏம்மா இப்படி வேர்க்குது? பசியா? இந்தா, முறுக்கு."

வாங்கிக்கொண்டேன். கடித்த சத்தம் தலைக்குள் பட்டாசாக வெடித்தது. ஆனாலும் முழுவதும் தின்றேன். வாய் வேலை செய்கிறவரை பயம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்பது நான் கண்டுபிடித்த ஒன்று.

விருத்தாசலம் ஊருக்குக் கொஞ்சம் பெரிய ஜங்ஷன்தான். சென்னை, திருச்சி, சேலம், கடலூர் என்று நான்கு பக்கமும் தண்டவாளம் பிரிகிறது. கோயிலைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். கோபுரத்தை ஆட்டோவில் போகிற போக்கில் பார்த்ததோடு சரி. கரும்பு டிராக்டர் ஒன்று வழியை அடைத்து நின்றது. ஆட்டோக்காரர் கையை ஹாரனிலிருந்து எடுக்கவே இல்லை.

"அண்ணே, ஹாரன் அடிக்காதீங்க, ப்ளீஸ்."

"அடிக்கலன்னா அவன் நகர மாட்டான்மா" என்று சொல்லிவிட்டு இன்னும் பலமாக அடித்தார்.

பீங்கான் தொழிற்பேட்டையில் ரோடு வெள்ளை, செடி வெள்ளை, சுவரோரம் தூங்கும் நாயும் பாதி வெள்ளை. தகரக் கூரைக் கொட்டகைகளுக்கு நடுவே உடைந்த பொம்மைகள் குவிந்து கிடந்தன. கழுத்தில்லாத குதிரை, தும்பிக்கை போன பிள்ளையார், கண் மட்டும் வரைந்த முகம். எங்கள் பிள்ளையாரைச் செய்கிற செல்வி, முப்பத்தைந்து வயது இருக்கும், புடவைக்கு மேல் கணவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வாங்கக்கா. ஒரு சின்ன சங்கதி. சூளை இன்னும் ஆறலக்கா. இப்பத் தொறந்தா காத்து பட்டு எல்லாம் விரிசல் உட்ருமாம், எங்க வூட்டுக்காரரு தொட வுட மாட்றாரு. மூணு மணிக்கு மேல எடுத்துத் தந்துடறோம்."

மெதுவாக ஆற வேண்டும், அவசரப்பட்டால் விரிசல். இதில் உனக்கு ஒரு பாடம் இருக்கிறது என்று அந்த நேரம் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் பக்கத்தில் இருந்த குதிரையை எடுத்து அடித்திருப்பேன். எனக்குத் தேவை பாடம் இல்லை, சீக்கிரம் வீடு திரும்பும் வழி.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றுகிறார்கள். இறுகியதும் அச்சைப் பிரித்தால் ஈரப் பிள்ளையார் வருகிறார். இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் நிற்கும் கோட்டை செல்வி சின்னக் கத்தியால் சீவி, ஸ்பாஞ்சால் துடைத்து வைக்கிறாள். சீவிய துண்டும் தூளும் மேஜை முழுக்கச் சிதறும். அடிக்கடி ஈரத்துணியால் ஒரே இழுப்பில் வழித்து, காலடியில் இருக்கும் தொட்டித் தண்ணீரில் தள்ளிவிடுவாள். சுடாத மண் கரைந்துவிடும். அதையே மறுபடி அச்சில் ஊற்றுவார்கள். இங்கே மேஜைமேல் கிடக்கும் வெள்ளைத் துணுக்கு எதையும் யாரும் வீணாக்குவதில்லை.

இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தவள்தான் நான். இருந்தும் நான்கு மணிக்கு டீ வந்தபோது, பொட்டலத்தைப் பிரித்து அந்த மேஜையின் ஓரத்திலேயே வைத்தேன். அதே நேரம் நாத்தனார் போன் செய்தாள். கொட்டகைக்குள் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே போய், பிள்ளையாரைப் போட்டுக் கொடுக்கும் பை மஞ்சளா வெள்ளையா என்று அவளோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பினேன். மேஜை பளிச்சென்று இருந்தது. என் டீ டம்ளர்மேல் ஈ விழாமல் அந்தக் காகிதத்தை மூடி வைத்திருந்தாள் செல்வி, பாவி.

"இதுல ஒரு துண்டு இருந்துச்சே?"

"மண்ணுத் துண்டாக்கா? தொட்டில தள்ளிட்டேன்."

எனக்கு என்ன ஆனது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தரை சாய்ந்தது. காதுக்குள் ஒரு இரைச்சல். நான் முட்டி போட்டுத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். செல்வியும் எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் கையை விட்டாள். சில்லென்ற கூழ்தான் விரலில் வழிந்தது.

"மோதரமாக்கா?"

"மாத்திரை."

"தலவலி மாத்திரையா? ஒரு நிமிஷம், கடையில வாங்கியாறேன்."

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நான்கு வருடமாக எல்லாரிடமும் அப்படித்தான் தப்பித்தேன். ஆனால் அப்போது பொய் சொல்லக்கூட என்னிடம் தெம்பு இல்லை.

"பதட்டத்துக்குப் போடற மாத்திரை. மனசுக்கு. கொறச்சிக்கிட்டு வராங்க. திடீர்னு வுடக் கூடாது."

செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பாத்தா நல்லாத்தானக்கா இருக்கீங்க?"

"நல்லா இருக்கறதுக்குத்தான்டி போடறேன்!"

கத்திவிட்டேன். சூளைப் பக்கம் இருந்து அவள் கணவர் எட்டிப் பார்த்தார். செல்வி கோபித்துக்கொள்ளவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். "ஏறுங்கக்கா."

மாத்திரையின் பேரைக் கேட்டதும் மெடிக்கல்காரர் முடியாது என்று தலையாட்டினார். "சீட்டு இல்லாம குடுக்க மாட்டோம்ங்க." அவர் சொல்வது சரிதான், அந்த நேரத்தில்தான் சரியாகப் படவில்லை. மருத்துவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மீதி இருந்தது ஒரே ஆள்.

கணவருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "அப்பவே சொன்னேன்ல" என்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், சொல்லவில்லை.

"அங்கயே உக்காரு. நான் வரேன்."

"வராதீங்க. வூட்ல சீட்டு இருக்குது, போட்டோ எடுத்து அனுப்புங்க. அது போதும்."

"மயக்கம் கியக்கம் வந்துச்சுன்னா?"

"வந்தா பாத்துக்கறேன். நீங்க இப்ப வந்தீங்கன்னா இனிமே நான் எங்கயும் போக மாட்டேன்."

அவர் பக்கம் போன் வைக்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் சீட்டின் படம் வந்தது. அவசரத்தில் எடுத்ததில் ஓரம் கலங்கியிருந்தது. மெடிக்கல்காரர் பெரிதுபடுத்திப் பார்த்து, கணினியில் எதையோ தட்டி, அட்டையை நீட்டினார்.

என் கை ஆடிய ஆட்டத்தில் மாத்திரையை உடைக்க முடியவில்லை. செல்வி வாங்கி, சட்டைப் பையில் இருந்த கத்தியைத் துடைத்து நாலாகப் பிளந்தாள். ஒரு துண்டை முழுங்கினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"சரியாயிடுச்சாக்கா?"

"உடனே ஆவாது."

"அந்தத் தொட்டி மண்ணுல ஊத்தற பிள்ளையாரு எதுக்கும் கவலப்படாம உக்காந்திருப்பாரு, பாருங்க."

சிரித்துவிட்டேன். அழுகையும் கூடவே வந்தது. அவள் அட்டைப்பெட்டியில் வைக்கோல் திணித்துப் பிள்ளையார்களை அடுக்கி, கயிறு கட்டி, ஸ்டேஷன்வரை கொண்டுவந்து விட்டாள். பெட்டி அப்போதும் இளம் சூடாக இருந்தது.

திரும்பும் வண்டியில் கூட்டம் இல்லை. வெளியே மஞ்சள் வெயில். காலையில் எதற்குப் பயந்து அட்டையை வீட்டில் விட்டு வந்தேனோ, அது இப்போது முழுசாக என் பையில் இருந்தது. உளுந்தூர்ப்பேட்டை நெருங்கும்போது அலை அடித்தது. உள்ளங்கால்வரை நடுக்கம். இன்னொரு துண்டு, ஒரே ஒரு துண்டு, யாருக்குத் தெரியப் போகிறது? பையின் ஜிப்பைப் பாதி திறந்தேன். அப்படியே ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி நின்றது தெரிந்தது, கிளம்பியது தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது பரிக்கல் போய்விட்டிருந்தது. ஜிப் அப்படியே பாதியில் இருந்தது. இழுத்து மூடினேன்.

போகாதவர்களுக்குச் சொல்ல விருத்தாசலத்தைப் பற்றி என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் ஊரைவிட வெயில் கொஞ்சம் அதிகம், ஹாரனும் கொஞ்சம் அதிகம். ஆனால் என் மாத்திரைப் பேரை நான் வாய்விட்டுச் சொன்ன முதல் வெளியூர் அதுதான்.

விழுப்புரத்தில் இறங்கி வெளியே வந்தால், பெட்டிக்காக பைக்கோடு வருவதாகச் சொல்லியிருந்த கணவரைக் காணோம். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நேரம் ஆக ஆகக் கோபம் ஏறியது. ஒரு வழியாக பைக்கில் வந்து சேர்ந்தார். சட்டை முழுக்கப் புழுதி, முகமெல்லாம் வேர்வை.

"ஒரு நாளாவது நேரத்துக்கு வர மாட்டீங்களா?"

பெட்டியைத் தூக்கிப் பின்சீட்டு ஓரத்தில் வைத்துக் கட்ட ஆரம்பித்தார். குனிந்தபடியே கேட்டார்: "உளுந்தூர்ப்பேட்டைல கண்ண மூடிக்கிட்டு இருந்தியே, ரொம்ப முடியலயா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கயிற்றை இன்னொரு சுற்று சுற்றினார். "மனசு கேக்கல. போட்டோ அனுப்பிட்டு பைக்ல அந்த ஸ்டேஷனுக்கே போயிட்டேன். டிக்கெட்டும் எடுத்தாச்சு. உன் ஜன்னல் என் எதிர்லயே வந்து நின்னுச்சு. ஏறலாம்னு ஒரு கால உள்ள வச்சேன்."

"அப்புறம்?"

"நீதான் வராதன்னு சொன்னியே."

கயிற்றில் அவர் முடிச்சு விழவே இல்லை. விரல்கள் அப்படி நடுங்கின. அது எனக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். "தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு, கயிற்றை வாங்கி நானே கட்டினேன்.